மே 31 சமையற்காரர்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் ஜூன் பிறந்தால் இரண்டு வரவுகள் உண்டு. ஒன்று தென்மேற்குப் பருவமழை. மற்றொன்று, அடுக்களையில் புதிதாக ஓர் ஆண்.

கேரள அரசு ஊழியர்களில் பெருங்கூட்டம் ஆண்டுதோறும் மே 31 அன்று ஓய்வு பெறுகிறது. அந்தக் காலத்தில் பிள்ளை என்றைக்குப் பிறந்திருந்தாலும், பள்ளியில் சேர்க்கும்போது மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிவிடுவார்கள். அந்த வாத்தியார்களின் புண்ணியத்தில், பழைய பென்ஷன் திட்டத்துச் சார்மார் 56 வயது முடிந்து ஒரே சாயங்காலத்தில் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமுமாக வீடு வந்து சேர்கிறார்கள். மறுநாளிலிருந்து மழை. முற்றத்தில் இறங்க முடியாது. டிவியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? சார் மெல்ல அடுக்களைப் பக்கம் நகர்கிறார்.

அரங்கேற்றம் பெரும்பாலும் முட்டைத் தோரன்தான். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளக் கடலில் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை. குமரி மேற்குக் கடற்கரையிலோ ஜூன் 1-ஆம் தேதியே தடை தொடங்கிவிடும். களியக்காவிளைச் சந்தையில் சாளைக்குக்கூட விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். முட்டைக்குத் தடைக்காலம் கிடையாது. நாலு முட்டை, ஒரு பிடி உள்ளி, பச்சை மிளகாய், துருவிய தேங்காய், மஞ்சள்பொடி. கடுகு வெடித்ததும் கொட்டிக் கிளறினால் தீர்ந்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டவர் அகப்பையோடு அப்படியே நின்றுவிடுகிறார்.

அந்த நிற்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. பாசஞ்சர் வண்டியில் திருவனந்தபுரம் போய் வந்து ஆயுளில் பாதியைக் கழித்த மனிதர். ஒரு பேப்பர் இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போக எத்தனை ஓணம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தொட்ட காரியம் பத்து நிமிடத்தில் முடிந்து, பலன் கண்முன்னே ஆவி பறக்க நிற்பதை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சிக்கல் என்னவென்றால், அவர் அதைச் சொல்லிக்கொண்டே திரிவார். "பத்தே நிமிசம்! இதுக்குப் போயி பெண்ணுங்க இவ்வளவு அங்கலாய்க்குது."

"உங்களுக்குப் பத்து நிமிசம். நான் காலத்தே தேங்கா உடைக்கத் தொடங்கினேன்" என்பார் வீட்டம்மா. உள்ளி உரித்ததும் அவர்தான்; கறிவேப்பிலை பறிக்க மழையில் இறங்கியதும் அவர்தான். இதெல்லாம் சாரின் கணக்கில் வருவதில்லை. கடுகு வெடிக்கும்போதுதான் அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்கும். அடுப்பை அணைத்ததும் நின்றுவிடும். கழுவப்படாத பாத்திரங்கள் வேறு டிபார்ட்மெண்ட்.

பத்து நிமிடச் சமையலுக்குச் சாமான் வாங்க ஒரு முழு முற்பகல் தேவைப்படும். பப்படம் பாறசாலையில். காய்கறிக்கு இஞ்சிவிளை தாண்டிக் களியக்காவிளை. அங்கே விலை குறைவாம். மிச்சப்படுகிற பத்து ரூபாய் சாயாவுக்கும் பழம்பொரிக்கும் போய்விடும். வாட்ஸ்அப்பில் படம் போடுவது தனி. துபாயிலிருக்கும் மகள் கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்புவாள். எண்ணெய்தான் சங்கடம். 2025-இல் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது இந்தப் பக்கத்து வீடுகளில் பலர் நகையைவிடப் பத்திரமாகக் குப்பியை ஒளித்துவைத்தார்கள். சார் ஊற்றுகிற ஊற்று அப்படி.

மரச்சீனி அவித்தால் உரை உறுதி. விசாகம் திருநாள் மகாராஜா 1880-85 ஆட்சிக் காலத்தில் இதைத் திருவிதாங்கூரில் பரப்பிய கதை, ஸ்ரீகாரியத்தில் 1963-இல் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வந்த கதை, எல்லாம் அந்தக் காலத்துப் பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்தது. அடுப்பில் வெள்ளம் பொங்கி வழிவதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் தெரியும். 2021-இல் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' பார்த்துவிட்டு, "நல்ல படம்தான், ஆனாலும் கொஞ்சம் கூடுதல்" என்று சொன்னவரும் இவர்தான். விறகடுப்புச் சோறும் அம்மித் துவையலும் கேட்கிற மாமனார் அதில் வருவார். அது வேறு ஏதோ வீட்டுக் கதை என்று சார் நினைத்துக்கொண்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டம்மா குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்குப் போய்விடுவார். தேங்காய் திருவ ஆளில்லை. அன்றைக்குத்தான் சார் உண்மையிலேயே சமைக்கிறார். மரச்சீனியைத் தானே தோலுரித்து, நறுக்கி, திறந்த பானையில் வேகவைத்து, வெள்ளத்தை ஊற்றிக் களைகிறார். காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் அம்மியில் வைத்து உடைத்து, ஒளித்த இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு கரண்டி எண்ணெய். கூட ஒரு கட்டன்சாயா. படம் எடுப்பதில்லை, உரை கேட்க ஆளில்லை. காரத்தில் மூக்கு ஒழுக, நின்றபடியே தின்று முடிக்கிறார். பிறகு ஏதோ ஒரு வேகத்தில் பானையையும் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்.

திரும்பிவந்த வீட்டம்மா பானையைப் பார்க்கிறார், அம்மியைப் பார்க்கிறார். "ஆரு வந்திருந்தா?"

செய்தி அன்று இரவே எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போகிறது. அங்கே வீட்டம்மாவின் அண்ணன் தமிழ்நாடு அரசு ஊழியர். சாரைவிட ஒரு வயது மூத்தவர், இன்னும் தினமும் ஆபீஸ் போகிறவர். ஓய்வு வயதை அங்கே 2020-இல் 59, மறுவருடமே 60 என்று ஏற்றிவிட்டார்கள். மதினி போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "அங்க நீ பட்டது போதும் மக்கா. இங்க 62 ஆக்கப்போறதா ஏதாவது கேள்விப்பட்டியா?"