ஏதென்ஸ் போய்வந்த பிள்ளையாண்டான்

கொல்கத்தாவில் காளிகாட் மெட்ரோவிலிருந்து லேக் மார்க்கெட் வரை நடந்தால், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகளைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கலாம். அந்த வீடுகளில் ஒரு புது ஜாதிப் பிள்ளை உருவாகியிருக்கிறார். கல்லூரியில் வரலாறு படிக்கிறார். கோடைப் பயிற்சி என்று இரண்டு வாரம் ஏதென்ஸ் போய்வந்தவர். போகும்போது அவருக்கு ஒரு பெயர் இருந்தது. திரும்பியபின் தெருவே அவரை ‘ஏதென்ஸ்’ என்றுதான் அழைக்கிறது. அவரும் மறுப்பதில்லை.

ஷெங்கன் விசாவுக்கு முப்பதாயிரம் யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மகனுக்கு இத்தனை மதிப்பா என்று அப்பாவுக்கு அன்றுதான் தெரிந்தது. “டேய், உன்னைவிட உன் பாலிசி காஸ்ட்லியா இருக்கேடா!” என்றார். அம்மாவுக்கு ஐரோப்பா என்றால் பனி. அதனால் ஜூன் மாதப் பயணத்துக்குக் குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் பெட்டியில் ஏறின. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் அதற்கு மேலே. வங்காளத்தில் இரண்டு தலைமுறை இருந்தால் குல்லா தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 2023 ஜூலையில் ஏதென்ஸில் அடித்த வெயிலுக்கு அக்ரோபோலிஸ் குன்றையே மத்தியானத்தில் பூட்டிவைத்தார்கள் என்பதை அம்மாவிடம் யார் சொல்வது?

குன்றின் மேல் நம்மவர் செய்த முதல் காரியம், பார்த்தெனானைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது, பளிங்கைத் தொடப்போய்க் காவலரிடம் விசில் வாங்கியது. கி.மு. 447-இல் தொடங்கிய கோயில். முன்புறம் எட்டுத் தூண், பக்கவாட்டில் பதினேழு. 1687-இல் துருக்கியர் உள்ளே வெடிமருந்தை அடுக்கிவைத்திருக்க, வெனிஸ் படையின் குண்டு சரியாக அதன்மேல் விழுந்தது. 1975-இல் மராமத்துக்கென்று ஒரு குழு போட்டார்கள். வேலை இன்னும் நடக்கிறது. “சாரம் கட்டினா பிரிக்கிறதே இல்லை, நம்ம ஊர் மாதிரியே!” என்று வியந்தார். பயணம் முழுவதிலும் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த உண்மை அது ஒன்றுதான்.

பக்கத்து எரெக்தியன் கோயிலில் தலையால் கூரையைத் தாங்கி நிற்கும் ஆறு பெண் சிலைகளுக்கு முன்னால் நின்று மணிக்கணக்கில் உருகினார். அங்கே நிற்பவை நகல்கள். அசல்களில் ஐந்து, மலையடிவார மியூசியத்தில், ஏ.சி.யில் இருக்கின்றன. மியூசியத்துக்கு நுழைவுச்சீட்டு தனி என்பதால் நம்மவர் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆறாவது பெண் லண்டனில். அதற்குக் காரணமானவர் எல்ஜின் பிரபு. 1801 முதல் அவருடைய ஆட்கள் சிற்பங்களை அறுத்து எடுத்தார்கள். 1816-இல் பிரிட்டன் அரசு அவற்றை 35,000 பவுனுக்கு வாங்கிக்கொண்டது. ஊர் திரும்பியதும் இதுதான் நம்மவரின் முக்கியச் சொற்பொழிவு. எல்ஜின் என்ற பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிப்பார். கடித்து முடித்ததும் நண்பர்களுக்கு போன் போடுவார்: “சாயங்காலம் எல்ஜின் ரோடுல மோமோ சாப்பிடலாம், வந்துடுங்கடா.”

காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் அந்த ரோடு. சிலை எடுத்த எல்ஜினின் மகன் 1862-இல் இந்தியாவின் வைஸ்ராயாக வந்து மறு வருஷமே இந்நாட்டிலேயே இறந்தார். பேரன் 1894-இல் அதே நாற்காலிக்கு வந்தார். ரோட்டின் பெயரை லாலா லஜபதி ராய் சரணி என்று மாற்றியும் ஊர் வாயில் எல்ஜின்தான் நிற்கிறார். சுரண்டியவர்கள் கதைக்கு நம்மவர் கிரீஸ் வரை போயிருக்கவே வேண்டாம். காளி கோயில் வாசலில் பட்டுவா ஓவியர்கள் தீட்டி, பக்தர்களுக்குச் சல்லிக் காசுக்கு விற்ற காளிகாட் படங்களில் அறுநூற்றுக்கு மேல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. இவை காசு கொடுத்து வாங்கியவையாகவே இருக்கட்டும். ஆனால் அவர் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஃப்ரிட்ஜ்மேல் பிளாஸ்டிக் பார்த்தெனான் இருக்கிறது.

ஒருநாள் தாத்தா கேட்டார்: “ஏண்டா, அங்கே கோயில் எல்லாம் சரி, நம்ம டிராம் டிப்போ பக்கத்துல இருக்கிற கிரேக்கக் கோயிலைப் பார்த்திருக்கியோ?”

பிள்ளையாண்டான் சிரித்தார். தாத்தாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தார்.

தாத்தா சொன்னது சரிதான். காளிகாட் டிராம் டிப்போவை ஒட்டி, லைப்ரரி ரோட்டில், டோரிக் தூண்களோடு ஒரு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் நிற்கிறது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கிரேக்க வியாபாரிகள் அமராதல்லாவில் முதல் தேவாலயம் கட்டினார்கள். 1920-களில் அது காளிகாட்டுக்கு இடம் மாறியது. அந்த வியாபாரிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல 1786-இல் கல்கத்தா வந்தவர் டிமித்ரியோஸ் கலானோஸ். சொந்த ஊர் ஏதென்ஸ். இரண்டு வாரத்தில் திரும்பும் ஆள் இல்லை அவர். காசிக்குப் போய்ச் சமஸ்கிருதம் கற்று, கீதையைக் கிரேக்கத்தில் எழுதி, 1833-இல் அங்கேயே காலமானார். விரல் நடுவில் எதையும் தூக்கிக் காட்டியதாகத் தகவல் இல்லை.

‘ஏதென்ஸ்’ அடுத்து ரோம் போகிறாராம். அதற்குமுன் எப்படியும் உங்கள் வீட்டுக்கு வந்து போனில் நானூறு படங்களைத் திறப்பார். காபி கொடுங்கள், இரண்டு முறுக்கும் வையுங்கள். முதல் படத்தைத் தள்ளுவதற்கு முன் மட்டும், லைப்ரரி ரோட்டுக்கு எப்படிப் போகவேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.