கால் வலிக்காத ஊழியன்

கடை வாசலில் கைவீசி ஆடும் காற்று மனிதனே, உன்னைப் புகழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போகிறவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உன் தகுதியை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஆடி பிறந்தால் ஜவுளிக்கடை வாசலுக்கு வந்துவிடுகிறாய். செல்போன் கடை, பிரியாணிக் கடை, கார் ஷோரூம், புதிதாகத் திறந்த பல் ஆஸ்பத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறாய். காலையில் ஸ்விட்சைத் தட்டியதும் எழுகிறாய், இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறாய். அத்தனை நேரம் நின்றும் உனக்குக் கால் வலிப்பதில்லை. உன் சிறப்புகளில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

உனக்குள் இருப்பது காற்று மட்டும். காலடியில் ஒரு புளோயர் ஓடுகிறது. அது ஊதுகிற காற்று நைலான் குழாய் வழியே ஏறி, தலை உச்சியிலும் கை நுனியிலும் விட்டிருக்கும் திறப்புகளில் வெளியே போகிறது. துணி எங்கேயாவது தளர்ந்தால் நீ அங்கே மடிந்து விழுகிறாய். மடிப்பு வழியை அடைக்க, கீழே காற்று சேர்ந்து அழுத்தம் ஏற, மறுபடி விறைத்து நிமிர்கிறாய். உன் ஆட்டம் என்று நாங்கள் பார்ப்பதெல்லாம் இந்த விழுதலும் எழுதலும்தான். நிமிடத்துக்குப் பலமுறை இடுப்பு ஒடிந்து தரையைத் தொடுகிறாய். “என்ன, தூக்கமா?” என்று உன்னை யாரும் கேட்பதில்லை. கேமராவில் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் இறங்கி வருவதில்லை. களைத்தால் சாய்ந்துகொள்ளும் சுதந்திரம் உனக்கு இருக்கிறது. அதே கடையின் இரண்டாவது மாடியில், பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்கு அது இல்லை.

அந்தப் பெண் காலையில் வந்ததிலிருந்து நிற்கிறார். ஒரு வாடிக்கையாளருக்காக நாற்பது புடவை விரித்துக் காட்டி, அவர் ஒன்றும் எடுக்காமல் போன பிறகு நாற்பதையும் மடித்து அடுக்குவதும் நின்றபடிதான். கூட்டமில்லாத மத்தியான நேரத்திலும் அப்படித்தான். வாங்க வந்தவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி போட்டிருக்கும், அவர் அதில் உட்காரக் கூடாது. மாலையில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் நின்றால் கெண்டைக்கால் நரம்புகள் நீலமாய்ப் புடைத்துச் சுருண்டுகொள்ளும். உனக்கு நரம்பே இல்லை. உன்னை வடிவமைத்தவர்கள் நரம்பு வைக்காமல் விட்டது எவ்வளவு நல்ல காரியம்!

நீ தண்ணீர் கேட்பதில்லை, அதனால் கழிப்பறைக்கும் போவதில்லை. இதையும் புகழத்தான் வேண்டும், ஏனென்றால் உடம்புள்ளவர்களால் இது முடியாது. முடியாததை அவர்களிடம் எதிர்பார்த்த கடைகள் உண்டு. கழிப்பறை கிடையாது, அல்லது போய்வர நேரம் கிடையாது என்பதால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்துச் சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொண்ட பெண்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் இருந்தார்கள். அந்த ஊரில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த பி. விஜி அவர்களை ஒன்றுதிரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறை கேட்டு ஆரம்பித்த போராட்டம், உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. உட்கார்ந்ததற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்த கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் திருத்தியது. இங்கே அது 22-ஏ பிரிவு.

அந்தப் பிரிவு கேட்பது மிகக் குறைவு. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும், வேலை நேரம் முழுவதும் நின்றே தீர வேண்டிய நிலை கூடாது. அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையை இயக்குநர் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டியது 2010-இல். படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் பதினோரு தீபாவளிக்கு அதே தெருவில் துணி எடுத்தோம். சட்டம் வர அத்தனை காலம் ஆனது. உனக்காக எந்தச் சட்டமன்றமும் கூட வேண்டியதில்லை, அந்தச் செலவை நீ யாருக்கும் வைக்கவில்லை.

உன் பூர்வீகமும் பெரியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விழாவுக்காக டிரினிடாட் கார்னிவல் கலைஞர் பீட்டர் மின்ஷல் கண்ட கற்பனை நீ. தன் ஊர் மக்கள் தெருவில் இடுப்பை நெளித்து ஆடும் ஆட்டத்தை வானளவு உயர்த்திக் காட்ட நினைத்தார். அதைத் துணியிலும் காற்றிலும் செய்துகொடுத்தவர் இஸ்ரேலில் பிறந்த கலைஞர் டோரன் காஸிட். அன்று உனக்கு ‘டால் பாய்ஸ்’ என்று பெயர். பிறகு காஸிட் காப்புரிமை எடுத்தார், 2001-இல் அது கிடைத்தது, கார் விற்பவர்களின் வாசலுக்கு நீ வந்து சேர்ந்தாய். டிரினிடாட்டின் கார்னிவல், அடிமைத்தளை அறுந்த பிறகு கறுப்பின மக்கள் தெருவைத் தமதாக்கிக்கொண்ட திருவிழா. இனி யாருக்காகவும் வேலை செய்ய வேண்டாம் என்ற நாளின் சந்தோஷம் அந்த ஆட்டத்தில் இருக்கிறது. அதே ஆட்டத்தை நாள் முழுக்க, ஒரு நொடி ஓய்வில்லாமல், மாதத் தவணையில் கார் விற்க ஆடுகிறாய். முகத்தில் தைத்த சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. நகர அழகு கெடுகிறது என்று 2008-இல் ஹூஸ்டன் நகரம் உனக்குத் தடை போட்டபோதும் மாறவில்லை. அந்தப் பொறுமைக்கு ஈடு கிடையாது.

திருச்சி நெடுஞ்சாலையில் உன் வேலையையே மனிதர்கள் செய்கிறார்கள். உணவக வாசலில் தொப்பியும் சீருடையுமாய் நின்று, கொடியை ஆட்டி, விசில் ஊதி வண்டிகளை உள்ளே அழைக்கும் பெரியவர்கள் அவர்கள். பலருக்குப் பேரன் பேத்தி எடுத்த வயது. மனை விற்பனைப் பலகையைத் தாங்கிக்கொண்டு புறநகர்ச் சாலை முனைகளில் நிற்பவர்களும் உண்டு. கத்திரி வெயிலில் அந்தப் பலகையின் நிழல் சாலையில் விழுமே தவிர அவர்கள் மேல் விழாது. இவர்களோடு ஒப்பிட்டால் உன் உயர்வு இன்னும் நன்றாகத் தெரியும். பலத்த காற்றில் உன்னை நிறுத்தக் கூடாது, புளோயரை மழையில் நனையவிடக் கூடாது என்று உன்னை விற்பவர்கள் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். முதலாளிகளும் அதைத் தவறாமல் கேட்கிறார்கள். தூறல் விழுந்தால் உன்னைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போக ஆள் ஓடி வருகிறது. ஓடி வருபவர் பெரும்பாலும் அந்தக் கொடிக்காரர்தான். உன்னை உள்ளே வைத்துவிட்டு, அவர் மறுபடி வாசலுக்குப் போகிறார்.

மனிதனை இப்படி நிறுத்திப் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கண்ணிமை தவிர எதுவும் அசையாமல் அவர் நிற்பார். அவரைச் சிரிக்கவைக்க நாங்கள் கோணங்கி காட்டுவோம். அவருடைய திறமை உண்மையானது, அதற்கு என் வணக்கம். ஆனால் எங்கள் குழந்தைகளில் ஒன்றுகூட “அவருக்குக் கால் வலிக்காதா?” என்று கேட்காமல் இருந்ததில்லை. பெரியவர்கள்தான் பதில் சொல்லாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம்.

உன்னிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பு இல்லாத ஊழியனுக்கு வேண்டிய எல்லாக் குணமும் உன்னிடம் நிறைந்திருக்கிறது. உன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே மற்றவர்களையும் அளக்கிறார்கள், அதுதான் பொறுக்கவில்லை. வரும் ஆடிக்கும் உன்னைக் கூப்பிடுவார்கள், தாராளமாகக் கூப்பிடட்டும். உன் ஒரு நாள் வாடகையில் நல்ல பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கலாம். புடவைப் பிரிவில் ஒன்று, பாத்திரப் பிரிவில் ஒன்று, வாசலில் கொடி பிடிக்கும் பெரியவருக்கு ஒன்று என்று சில நாள் வாடகையில் கடையே நிறைந்துவிடும். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் உன்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நீ கைவீசி அவரை மாடிக்கே அனுப்பிவை. அங்கே ஸ்டூல் இருக்கிறதா என்பதோடு அவர் திரும்பிவிடக் கூடாது. அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும்.