கட்சிக்கு அடங்காத ஐயங்கார்

தியாகிகளில் இரண்டு வகை. ஒரு வகையினருக்கு மாலை போட நாலு கட்சிகள் முட்டி மோதும். இன்னொரு வகையினரை எந்தக் கட்சியிலும் சேர்க்க முடியாது. சேர்த்தால் கட்சிக்கு ஆபத்து. 1887-இல் சென்னையில் பிறந்த மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார், சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சாரியா, இரண்டாம் வகை. வாழ்நாள் முழுக்க அவருக்கு ஒரே ஒரு வியாதிதான்: தலைக்கு மேல் யார் உட்கார்ந்தாலும் அரிக்கும்.

முதலில் உட்கார்ந்திருந்தவன் வெள்ளைக்காரன். பாரதி எழுத, மண்டயம் குடும்பத்தார் நடத்திய 'இந்தியா' பத்திரிகை சர்க்காரை நன்றாகவே சொறிந்துவிட்டது. 1908-இல் கைது வந்தது. காகிதத்தில் மட்டும் ஆசிரியராக இருந்த சீனிவாசன் ஜெயிலுக்குப் போனார். எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகையும் பின்னாலேயே போய், பிரெஞ்சுக்காரன் நிழலில் நின்று ஆங்கிலேயனைத் திட்டியது. அங்கே அச்சு வேலைகளைக் கவனித்த ஆச்சாரியாவுக்குப் புதுச்சேரியும் பற்றவில்லை. அந்த ஆண்டே ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

சாம்ராஜ்யத்தை எதிர்க்க அவர் போய்த் தங்கிய இடம் சாம்ராஜ்யத்தின் தலைநகரமே. லண்டன் ஹைகேட்டில் இருந்த 'இந்தியா ஹவுஸ்' விடுதியில் சாவர்க்கர், வ.வே.சு. ஐயர் என்று ஒரு பெரிய கூட்டமே இருந்தது. சுற்றிலும் ஸ்காட்லாந்து யார்டு ஒற்றர்களும் இருந்தார்கள். 1909 ஜூலையில் ஆங்கிலேய அதிகாரி கர்சன் வைலியை மதன்லால் திங்க்ரா சுட்டுக் கொன்றதும் லண்டன் சூடேறியது. ஆச்சாரியா அடுத்து எடுத்த முடிவை எந்த ஒற்றனும் ஊகித்திருக்க மாட்டான். யுத்தம் செய்யப் பழக வேண்டும். மொராக்கோவில் ரிஃப் மலைக்காரர்கள் ஸ்பெயினோடு சண்டை போடுகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்துகொண்டால் என்ன? சுக்சாகர் தத் என்ற நண்பரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அழைத்தவர் யாரும் இல்லை. போர்க்களம் கண்ணில் படும் முன்பே பயணம் முறிந்தது. ஸ்பெயின் தப்பித்தது.

பிறகு பாரிஸ், பெர்லின், கான்ஸ்டான்டிநோபிள், அமெரிக்கா. முதல் உலகப் போர் வந்ததும் மறுபடி பெர்லின். எதிரிக்கு எதிரி என்ற கணக்கில் ஜெர்மன் கெய்சரோடு கூட்டு. பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களைக் கலைக்க மேற்காசியாவுக்கும் போனார். சிப்பாய்கள் பெரும்பாலும் கலையவில்லை, கெய்சர்தான் கலைந்தார்.

1919-இல் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். அங்கிருந்து காபூல். அமீர் அமானுல்லா இடத்தைக் காலி செய்யச் சொன்னதும் தாஷ்கண்ட். அங்கே 1920 அக்டோபர் 17 அன்று ஏழு பேர் கூடி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். எம்.என். ராய் அவர் மனைவியோடு, அபனி முகர்ஜி அவர் மனைவியோடு, மிச்சம் மூவர். கல்யாண ரிசப்ஷனுக்கு நிற்கும் போட்டோவில்கூட இதைவிட ஆள் அதிகம். தலைவர் நாற்காலி ஆச்சாரியாவுக்கு.

ராய்க்கும் ஆச்சாரியாவுக்கும் ஒத்துப்போக எத்தனை நாள் ஆகும்? ஆகவே இல்லை. இந்தியப் புரட்சியை மாஸ்கோவிலிருந்து ஆட்டிவைப்பதா என்று ஆச்சாரியாவுக்குப் பழைய அரிப்பு கிளம்பியது. சில மாதங்களில் நாற்காலி போயிற்று, பிறகு கட்சியும் போயிற்று.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. பின்னாளில் இரண்டாகிவிட்ட கட்சியில், மார்க்சிஸ்டுகள் கட்சியின் பிறப்பை 1920 தாஷ்கண்ட் என்கிறார்கள். இந்தியக் கம்யூனிஸ்டுகள் 1925 கான்பூர் என்கிறார்கள். கான்பூர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சிங்காரவேலர். ஜாதகத்தை எப்படி எழுதினாலும் பிறந்த நேரத்தில் நாற்காலியில் மெட்ராஸ்காரர்தான். ஆனால் சிங்காரவேலருக்கு விழா எடுப்பவர்கள் ஆச்சாரியா பெயர் வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

மாஸ்கோவில் அவருக்குக் கிடைத்த உருப்படியான ஒரே பொருத்தம் மக்தா நாக்மன் என்ற ஓவியர். தம்பதியாக 1922-இல் பெர்லினுக்கு வந்தார்கள். ஆச்சாரியா இப்போது அனார்கிஸ்ட். அரசு என்ற சாமானே வேண்டாம் என்பவர். கட்சியே இல்லாத கொள்கைதான் அவரை வெளியேற்றவில்லை. அவர் கட்டுரை எழுதினார், மக்தா படம் வரைந்தார்; எழுத்தாளர் நபக்கோவ்கூடப் படத்துக்காக மக்தா முன் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் ஹிட்லர் வந்தார். அரசுகளே வேண்டாம் என்றவர் ஊர் திரும்ப, எந்த அரசை ஒழிக்கக் கிளம்பினாரோ அதே அரசிடம் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டு நிற்க வேண்டியிருந்தது. 1935-இல் பம்பாய் வந்து சேர்ந்தார்.

1947-இல் ஊரே கொடியேற்றியபோது, ஆள் மாறினால் ஆட்சி மாறியதாகிவிடுமா என்று கேட்கும் இடத்தில்தான் அவர் இருந்தார். வெளிநாட்டு அனார்கிஸ்ட் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்; வறுமையும் கூடவே இருந்தது. 1951-இல் மக்தா தன் கண்காட்சி திறக்கும் சமயத்தில் காலமானார். 1954-இல் ஆச்சாரியா.

வெள்ளை அதிகாரி, சிவப்பு அதிகாரி, கதர் அதிகாரி என்று மூன்று நிறத்திலும் பார்த்துவிட்டு, மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொன்ன மனுஷன். சிலை வைத்தால் திறந்துவைக்க ஒரு மந்திரி வேண்டும். மந்திரி என்றால் அவருக்கு ஆகாது. அந்தச் செலவாவது மிச்சம்.