மூடி, றோல், நாய்

படம் பிடிக்கிறவர் எதையாவது மறக்கிறதும், நாய்கள் அவருக்காகக் காத்திராமல் விளையாடி முடிக்கிறதும் நேற்றுத் தொடங்கிய சங்கதி அல்ல.

1838இல் பாரிஸில் தாகர் துரை ஜன்னலுக்குள் பெட்டியை வைத்துத் தெருவைப் படம் பிடித்தார். பெட்டி பல நிமிஷம் வாயைத் திறந்து கிடந்தது. வண்டி, குதிரை, சனம் எல்லாம் மாயம். சப்பாத்துத் துடைக்கக் காலைக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்ற ஒருவர்தான் படத்தில் தெளிவாக மிஞ்சினார். அந்தத் தெருவில் பத்து நாய் புரண்டிருந்தாலும் தகட்டுக்குத் தெரிந்திராது.

1851இல் ஆச்சர் துரை ஈரக் கண்ணாடி முறையைக் கொண்டுவந்தார். கண்ணாடியில் பசை பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம் எடுத்து, ஈரம் காயுமுன் கழுவவும் வேண்டும். ஒன்றை மறந்தாலும் அன்றைய பிழைப்பில் மண். ஆனால் ஒரு சுகம் இருந்தது: மூடியைக் கழற்றி, எண்ணி, திரும்பக் கொளுவுவதுதான் படம் எடுக்கிற வேலையே. மூடியைக் கழற்றாமல் ‘கிளிக்’ செய்கிற பாக்கியம் பின்னால் வந்த விஞ்ஞானம் நமக்குத் தந்த சீதனம்.

ஓடுகிற நாயைப் படத்தில் மடக்கிய பேர்வழி மைபிரிட்ஜ். 1860இல் டெக்சாஸில் குதிரை வண்டி கவிழ்ந்து மண்டையில் அடி. வழியில் இராச்சாப்பாடு சாப்பிட்டது ஞாபகம். அடுத்த ஞாபகம் 9 நாள் கழித்து ஆர்கன்சாவில் கட்டிலில். 1874இல் மனைவியின் காதலனைச் சுட்டுவிட்டு, மண்டை அடியால் புத்தி பேதலித்தது என்று வக்கீலை வைத்து வாதாடினார். ஜூரிகள் அதை நம்பவில்லை. சுட்டது நியாயம்தான் என்று விட்டுவிட்டார்கள்! 1878இல் ஓடும் குதிரைக்கு 12 கமராவை வரிசையில் நிறுத்தினார். ஒன்று சதி செய்தாலும் பதினொன்று மிஞ்சும். மறதிக்காரனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1887இல் வெளியிட்ட 781 தகடுகளில் நாய்களும் ஓடின. பெயரின் எழுத்தை அடிக்கடி மாற்றிய மனிதருக்குக் கல்லறையிலும் ஓர் எழுத்தைப் பிழையாகத்தான் வெட்டினார்கள்.

ஈஸ்ற்மன் கெட்டிக்காரர். 1888இல் 100 படத்துக்கான றோலைத் தானே உள்ளே போட்டு, கொடாக் பெட்டியை 25 டொலருக்கு விற்றார். எடுத்து முடிந்ததும் பெட்டியோடு தொழிற்சாலைக்கு அனுப்பினால் போதும். மறக்க ஒன்றுமில்லை.

அந்த நிம்மதி எங்கள் ஊர் நாவிதன்வெளி வரை வரவில்லை. எங்களுக்கு வந்தது, நாமே போட வேண்டிய 36 படப் பிலிம் றோல். கல்முனையிலிருந்து ஸ்டூடியோக் காக்கா ஒருவர், கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் வற்றிய பிறகு, வெட்டு முடிந்த வயலில் நாய்கள் விளையாடுவதைப் பிடிக்க வந்தார். இரண்டு நாய் கிழிந்த உரப்பை ஒன்றை இரண்டு பக்கமும் கடித்து இழுத்தன. மூன்றாவது, நடுவராக நின்று குரைத்தது. காக்கா வரம்பில் குப்புறப் படுத்து எடுத்துத் தள்ளினார். இலக்கம் 36இல் வந்து நின்ற பிறகும் நெம்பு இழுபட்டது. சிக்கனமாய் எடுத்தால் மிச்சம் வரும் என்று பெருமைப்பட்டார்.

“காக்கா, அந்தக் குமிழ் சுத்துதில்லயே?”

“பேசாம இரி தம்பி, வெளிச்சம் போகப்போகுது.”

றோல் கல்முனை ஸ்டூடியோ மேசையில் பத்திரமாக இருந்தது.

பிறகு றோல் ஒழிந்தது. மெமரி காட் கணினிக்குள்ளும், பற்றரி சுவரில் சார்ஜிலும் தங்கிவிடும் காலம் வந்தது. அவையும் போய் இப்போது எல்லாம் போனுக்குள். அதையும் நம் ஆட்கள் வென்றுவிட்டார்கள். நாய் பாயும்போது பொத்தானை அழுத்தி வீடியோவை நிறுத்துகிறார்கள். பாய்ந்து முடிந்ததும் நிறுத்துவதாக எண்ணித் தொடங்குகிறார்கள். காற்சட்டைப் பைக்குள் நடந்ததெல்லாம் தெளிவான சத்தத்தோடு பதிவாகிறது.