அடைவைப்பது யார்?

கோழியை மனிதர்கள் அடைவைக்கிறார்கள் என்பது நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் கொள்கை. சிவகங்கைச் சீமையின் ஒரு கொல்லைப்புறத்தையும், அங்கே மேயும் சிறுவிடைக் கோழிகளையும், அவற்றை ஆள்வதாக நம்பிக்கொண்டிருக்கும் அப்பத்தாவையும் களமாகக் கொண்ட இவ்வாய்வு அக்கொள்கையை மறுக்க முற்படுகிறது. இதன் கருதுகோள் சுருக்கமானது: அடைவைப்பது கோழி, 21 நாள் அடைகிடப்பது வீடு. தம்மை வைத்து ஆய்வு நடப்பது அப்பத்தாவுக்குத் தெரியாது. தெரிந்தால் ஆய்வு அன்றே முடிந்துவிடும்.

முன்னோர் கண்டவை

இத்துறையின் மூத்த அறிஞர் அரிஸ்டாட்டில். அடைவைத்த முட்டைக்குள் மூன்று பகல், மூன்று இரவு கழிந்ததும் கருவின் முதல் அடையாளம் தெரியும் என்றும், இதயம் ஒரு ரத்தப் புள்ளியாகத் துடிக்கும் என்றும் எழுதிவைத்தவர். முட்டையை உடைக்காமல் இதைப் பார்த்திருக்க முடியாது. அந்த முட்டைகள் எந்த வீட்டுக் கூடையிலிருந்து போயின, அந்த வீட்டு அம்மாள் அவரை என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு இல்லை. எகிப்தியர்கள் கோழியை அறவே ஒதுக்கிவிட்டுச் சூளைகளில் கதகதப்பு மூட்டிக் குஞ்சு பொரித்தார்கள். பிரான்சில் ரெயோமூர், வெப்பமானிக்குப் பெயர்போனவர், எருக்குழியின் சூட்டில் முட்டை பொரிக்கும் வித்தையை 1749இல் புத்தகமாகவே போட்டார்.

இவர்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: கோழி இல்லாமல் காரியத்தை முடிக்கப் பார்த்தார்கள். பேசிச் சம்மதிக்க வைக்கக்கூடிய ஆளாக இருந்தால் யாராவது இவ்வளவு சுற்றுவழி போவார்களா? நம் கருதுகோளுக்கு வரலாறு தந்த முதல் சான்று இது.

கோழி முடிவெடுக்கும் முறை

சிறுவிடைப் பெட்டை பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் நிறுத்திக்கொள்ளும். பிறகு ஒருநாள் கூட்டைவிட்டு இறங்காது. பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரப்பதுதான் காரணம் என்கிறது உடலியல். நெஞ்சடியில் இறகு உதிர்ந்து வெறுந்தோல் தெரியும். உடம்புச் சூடு முட்டைமேல் நேராகப் பட அப்படி ஓர் ஏற்பாடு. முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வார வித்தியாசம் இருந்தாலும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரேநாளில் வெளிவரும். சூடு படும்வரை கரு உறங்கிக் கிடப்பதால் இது முடிகிறது. தாய் உட்கார்ந்த நாள்தான் எல்லோருக்கும் ஒன்றாம் தேதி.

அறிகுறிகள் ஐயத்துக்கு இடமில்லாதவை. உடம்பைத் தட்டையாகப் பரப்பி, எங்கோ பார்க்கும் கண்ணோடு உட்கார்ந்திருக்கும். கையை நீட்டினால் கழுத்து இறகு சிலிர்க்கும், அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வரும். இன்னும் நீட்டினால் கொத்து. வெறும் கொத்தில்லை, தோலைப் பிடித்து ஒரு திருகு. இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் அப்பத்தா கையை உதறிக்கொண்டே அறிவிப்பார்: "அடைக்குப் படுத்துருச்சுடா."

கவனிக்கவும். இதுவரை எந்த மனிதரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இடத் தேர்வு

மனிதர் தயார்செய்யும் இடம்: பழைய கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல், பேன் அண்டாமலிருக்க ஒரு கொத்து நொச்சித்தழை. கோழி தேர்ந்தெடுக்கும் இடம்: விறகு அடுக்கின் பின்புறம், பரண்மேல் கிடக்கும் சாக்கு, பத்தாயத்துக்கும் சுவருக்கும் நடுவே கைகூட நுழையாத இடுக்கு. நம் களத்தில் ஒரு கோழி, பேரன் விட்டுப்போன அட்டைப்பெட்டியில் பொறியியல் நான்காம் செமஸ்டர் நோட்டுகளின் மேல் அடைகிடந்தது. அந்த நோட்டுகளால் அதுவரை விளைந்த ஒரே பயன் அதுதான் என்று வீட்டில் பேச்சு.

இருட்டிய பிறகு சத்தமில்லாமல் தூக்கிக் கூடைக்கு மாற்றினால் கோழி ஏற்றுக்கொள்ளும் என்பது கிராமத்து நுட்பம். பெரும்பாலும் பலிக்கும். பலிக்காதபோது விடிந்ததும் கோழி பழைய இடத்துக்கே போய் வெறுந்தரையில் படுத்துக்கொள்ளும். அப்போது முட்டைகள்தாம் கோழியிடம் போகின்றன.

முட்டைத் தேர்வு, ஒற்றைப்படை, இடி

அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்த முட்டைகளில் ஒரு வாரத்துக்கு மேற்பட்டதை அடைக்கு எடுப்பதில்லை. சித்திரை வைகாசியில் அந்தக் கெடுவும் குறையும். அப்போது சமையலறையின் வெக்கையிலேயே கரு அரைத்தூக்கத்தில் விழித்து, வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் கெட்டுப்போகும்.

எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்: 9, 11, 13. கோழியின் வயிற்றுப் பரப்புக்குள் அடங்க வேண்டும் என்பது விளங்குகிறது. ஒற்றைப்படை ஏன்? நடுவில் ஒன்று வைத்துச் சுற்றி ஆறு அடுக்கினால் இடைவெளியின்றி ஏழு அமரும். இதுவரை வடிவியல் கூட வருகிறது. 9க்கும் 11க்கும் 13க்கும் வடிவியலில் ஆதரவு கிடையாது. அப்பத்தாவின் ஆதரவு உண்டு, அதுவே போதுமானதாக இருந்துவருகிறது.

அடுத்தது இடி. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்பதால் கூடைக்குள் ஓர் இரும்புத்துண்டு, ஓர் அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய் வைப்பது வழக்கம். இங்கே அறிஞர்கள் மூன்று அணியாகப் பிரிகிறார்கள். இரும்பு இடியை வாங்கிக்கொள்ளும் என்பது முதல் அணி. கரி ஈரத்தை உறிஞ்சும் என்பது இரண்டாம் அணி. கொஞ்சம் படித்தவர்கள் இதில் சேர்கிறார்கள். மிளகாய் எறும்புக்கும் கண்ணேறுக்கும் சேர்த்து என்பது மூன்றாம் அணி. என் கருத்தில் மூன்றுக்கும் ஆதாரம் போதாது. இடி முழங்கும் நாளில் மழைச்சாரலில் கூடை நனைவதும், கோழி மிரண்டு எழுந்துபோய் முட்டை குளிர்ந்துவிடுவதும் நடக்கக்கூடியவை; பழி இடிமேல் விழுகிறது. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு கூடையிலிருந்து இரும்பை எடுக்க நான் துணியவில்லை. மறுநாள் ஒரு முட்டை கெட்டாலும் ஆய்வாளருக்கு அந்த வீட்டில் சோறு கிடையாது.

அடைகிடக்கும் வீடு

மைய வாதத்துக்கு வருவோம். கோழி உட்கார்ந்த அன்றிலிருந்து வீட்டு நிர்வாகம் கைமாறுகிறது. விறகு அடுக்கில் முன்வரிசை மட்டுமே எடுக்கலாம். பரண்மேல் இருக்கும் அண்டா தேவைப்பட்டால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்க வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடக்கூடாது. இரவில் கதவை நன்றாகச் சாத்தியாயிற்றா என்று இருமுறை பார்க்க வேண்டும். மரநாய், கீரி, முட்டை விழுங்கவரும் பாம்பு எல்லாவற்றுக்கும் இந்த விலாசம் தெரியும். இரண்டுநாள் ஊருக்குப் போய்வரலாம் என்று யாராவது வாயெடுத்தால், "கோழி அடைகெடக்கு, யாரு பாக்குறது?" என்ற கேள்வியில் பயணம் முடிந்துவிடும். கோழியைப் பார்க்க யாரும் வேண்டியதில்லை என்பதையும், அது யாரையும் பார்க்க விரும்பவில்லை என்பதையும் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

நாளுக்கு ஒருமுறை அது இறங்கும். கால்மணி, அரைமணி நேரம். அந்நேரம் வீடே பரபரக்கும். முதலில் ஒரு பெரும் கழிச்சல். நாள் முழுக்க அடக்கி வைத்ததன் அளவும் நாற்றமும் அதில் இருக்கும், அதை மிதித்தவர் திண்ணைக்குச் சேர்க்கப்படமாட்டார். பிறகு தயாராய் வைத்திருக்கும் கம்பையும் நொய்யையும் அவசரமாய்ப் பொறுக்கி, தண்ணீர் குடித்து, சாம்பல் குவியலில் விழுந்து புரண்டு இறகை உதறும். சேவல் பக்கத்தில் வந்தால் ஒரே சீறல்.

திரும்பி ஏறும் காட்சிதான் நின்று பார்க்க வேண்டியது. விரல்களை மடக்கிக்கொண்டு முட்டைகளுக்கு நடுவே கால்வைக்கும். அலகின் அடிப்பக்கத்தால் ஓரத்து முட்டையை உள்ளே உருட்டும், உள்ளிருப்பதை ஓரத்துக்குத் தள்ளும். பின் உடம்பை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை அசைத்து, நெஞ்சை இறக்கி அமரும். உருட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இன்குபேட்டரிலும் முட்டையைத் திருப்ப மோட்டார் வைக்கிறார்கள். அந்த இயந்திரம் 37.5 டிகிரி செல்சியஸைப் பிடித்து நிறுத்தப் படும் பாட்டைக் கோழி நாற்பதைத் தாண்டிய தன் உடம்புச் சூட்டால் ஓசையில்லாமல் செய்துமுடிக்கிறது. மின்வெட்டு நேரத்தில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி ஓடும்போது, இது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

இந்த 21 நாளும் கோழிக்கு உயிர்க்காப்பு உண்டு என்பது முக்கியமான சட்ட நுணுக்கம். மாப்பிள்ளை வந்து இறங்கினாலும் அடைக்கோழியை அறுப்பதில்லை. கடைக்கு ஆள் ஓடும். மாப்பிள்ளைக்குப் பிராய்லர் கறி பரிமாறப்பட்டு, மாமியார் முகம் சுண்டி, சம்பந்தி வீட்டில் அது ஒரு வருடம் பேசப்பட்டாலும் சரி. ஆடி மாதத்தில் கிராமத்துக் கோழிகள் அடைக்குப் படுப்பதில் அவசரம் காட்டுகின்றனவா என்பது தனியே ஆராயத்தக்கது.

ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சின்மேல் முட்டையை வைத்துப் பார்ப்பார்கள். சிவந்த நரம்புகள் கிளைவிட்டு நடுவில் ஒரு கரும்புள்ளி அசைந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாய் இருந்தால் கூமுட்டை. இதில் கருத்துவேறுபாடு இல்லை, மேலே போவோம்.

எதிர்ச்சான்று

கோழியின் முடிவை மனிதர் மாற்றியதே இல்லையா? அடைதெளிய வைக்கும் முறைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. தொட்டித் தண்ணீரில் வயிறு நனைய முக்குவது, மூக்குத் துவாரத்தில் ஓர் இறகைக் குறுக்கே செருகிவிடுவது, காலில் கயிறு கட்டி வெட்டவெளியில் விடுவது. தண்ணீரில் முக்குவதில் கொஞ்சம் அறிவியல் இருக்கிறது: வயிற்றின் சூடு இறங்கினால், முட்டையின் தொடுகை அற்றுப்போனால் புரோலாக்டின் குறையும். மூக்கில் இறகு செருகுவதில் கோழிக்கு வதை தவிர வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை; அதை விட்டுவிடுவதே நல்லது. எப்படியும், முக்கியெடுத்த கோழி சொட்டச் சொட்ட நேரே கூட்டுக்கே நடப்பதைக் கண்டவர்கள் எதிர்ச்சான்று என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்.

உண்மையில் வென்றது நாமக்கல் மட்டுமே. அங்கே கூண்டுகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றன. நாட்டுக்கோழி 60 முதல் 80. அடைக்குப் படுத்த கோழி முட்டையிடாது என்பதால், படுக்கும் குணம் உள்ளவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து அந்தக் குணத்தையே இல்லாமல் செய்துவிட்டார்கள். கோழியோடு வாதாடி வென்றதாக இதைக் கொள்ள முடியாது. வாதாடுகிற கோழியே பிறக்காதபடி பார்த்துக்கொண்டார்கள்.

வாத்து முட்டையை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். அதற்கு 28 நாள். கோழி முகம் சுளிக்காமல் அந்த ஏழு நாளையும் சேர்த்துப் படுத்தது, வீடும் படுத்தது. பொரித்த குஞ்சுகள் கண்மாயைக் கண்டதும் தண்ணீரில் இறங்க, தாய் கரையில் அங்குமிங்கும் ஓடிக் கத்தியதைப் பார்த்து அப்பத்தா, "எம்புள்ளையும் இப்பிடித்தான் மெட்ராஸ் போனான்" என்றார். இக்கூற்று ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

பொரிப்பும் பங்கீடும்

இருபதாம் நாள் வாக்கில் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சின் சத்தம் கேட்கும். கோழி தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். மறுநாள் அலகு நுனியிலுள்ள சிறு முள்ளால் குஞ்சு ஓட்டை உடைக்கத் தொடங்கும். மணிக்கணக்கில் ஆகும். உதவுகிறேன் என்று ஓட்டை உரித்துவிடுபவர்களை அருகில் விடக்கூடாது. ரத்த நாளம் வற்றுமுன் உரித்தால் குஞ்சு தங்காது. மீந்த மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பிறப்பதால் இரண்டுநாள் தீனி இல்லாமலும் தாங்கும். வாரத்துக்குள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து.

இம்முறை வைத்த பதினொன்றில் ஒன்பது பொரித்தன. வைத்தவற்றுள் ஆறு முட்டை எதிர்வீட்டு மதினி கொடுத்தவை. அவர் வீட்டில் அப்போது அடைக்கோழி இல்லை. குஞ்சு பாதிக்குப் பாதி என்பது பேச்சு. இரண்டு கூமுட்டையும் யார் வீட்டு முட்டை என்பதில்தான் சிக்கல் எழுந்தது. அடையாளத்துக்கு மதினி தம் முட்டைகளில் கரிக்கோடு போட்டிருந்தார். மூன்று வாரம் உருட்டிய உருட்டில் கோழி அந்தச் சாட்சியத்தைத் துடைத்து வைத்திருந்தது.

"எங்க சேவலு அப்பிடிப்பட்டது இல்ல அயித்தே. ரெண்டும் உங்க முட்டைதான்."

"எங்க சேவலைப் பத்தி ஊருக்கே தெரியும்த்தா."

"சரி விடுங்க. ஒம்பதுல பாதி நாலரை. அந்த அரையை எப்பிடிக் குடுப்பீக?"

கோழி ஒன்பதையும் கூட்டிக்கொண்டு மதினி வீட்டுக் குப்பைமேட்டைக் கிளறப் போய்க்கொண்டிருந்தது. அப்பத்தா வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொறுத்தா. பருந்து ஒண்ணத் தூக்கட்டும், பொறகு கணக்குப் பாப்போம்."