சங்கீதக் கதிரைக்கு ஒரு விண்ணப்பம்

புத்தாண்டு விளையாட்டு விழாக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் மைக் பிடிக்கும் தம்பி ஆகியோருக்கு,
உக்குவளை.

ஐயாமாரே,

உங்கள் நோட்டீஸ் கிடைத்தது. கண்ணைக் கட்டி முட்டி உடைத்தல், கண்ணைக் கட்டி யானைக்குக் கண் வைத்தல், சாக்குக்குள் இறங்கி ஓடுதல், இருவர் காலைச் சேர்த்துக் கட்டி மூன்று கால் ஓட்டம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பணிஸ் தின்னுதல். கண் தெரிகிறவனைக் குருடனாக்கி, ஓடுகிறவனை நொண்ட வைத்து, ஊரே கை தட்டுகிறது. இதற்கெல்லாம் நாங்கள் கட்டாமலே தயார். துணிச் செலவு மிச்சம்.

ஆனால் எங்கள் பெயர் வருவது நோட்டீஸின் அடியில்தான்: ‘மாற்றுத்திறனாளிகளுக்கு உலருணவுப் பொதி வழங்கப்படும்.’ பருப்புக்கு நன்றி. விளையாட்டு எங்கே?

பயம் புரிகிறது. கண் தெரியாதவர் கையில் தடியைக் கொடுத்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சங்கீதக் கதிரையில் என்னைச் சேர்த்தாலும் அதே கதை. பாட்டு எங்கே நின்றாலும் நான் உட்கார்ந்துதான் இருப்பேன்.

நான் உட்கார்ந்திருக்கும் இந்தச் சக்கரக் கதிரை எனக்குக் கிடைத்ததும் ஒரு விழாவில்தான். மேடைக்குப் படிகள். கதிரையை முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, என்னை நாலு பேர் மூட்டையாகத் தூக்கிப் போனார்கள். படம் எடுத்தார்கள். பிறகு என்னைக் கீழே இறக்கினார்கள். கதிரையை இறக்க மறந்துபோனார்கள். பிரமுகர் பேசி முடிக்கும்வரை அது மேடையிலேயே நின்றது.

படிக்குப் பக்கத்தில் சாய்தளம் போட முடியாதா என்று அன்று கேட்டேன். “நிலம் மேடு பள்ளம்” என்று பதில் வந்தது. ஐயா, பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் மலையைக் குடைந்து, நம் உக்குவளை மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த நாடு இது. 1976 முதல் விளக்கு எரிகிறது. மூன்று படி சேர்ந்தால் ஒன்றரை அடி உயரம். அடிக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கு. பதினெட்டடி சாய்வு போதும். சுரங்கம் கேட்கவில்லை.

சட்டம் இருக்கிறதா என்று பொருளாளர் கேட்பார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006 இல் வந்த ஒழுங்குவிதிகள், பழைய பொதுக் கட்டடங்களை நாங்களும் நுழையும்படி திருத்த முதலில் மூன்று வருட அவகாசம் கொடுத்தன. 2011 இல் அவற்றைப் பின்பற்றும்படி உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக நின்றவர்; 1992 இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து, சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2016 இல் இலங்கை ஏற்றுறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரையோ விளையாட்டையே பெயர் சொல்லிப் பேசுகிறது. நடுவர் விரலைத் தூக்கி இத்தனை வருடமாகிறது. நீங்கள் இன்னும் கிறீஸை விட்டு நகரவில்லை.

விதியை மாற்றினால் விளையாட்டு கெட்டுவிடும் என்பார் செயலாளர். பக்கத்துக் கண்டியின் முத்தையா முரளிதரனை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை. ‘எறிகிறான்’ என்றார்கள். மற்றப் பந்துவீச்சாளர்களையும் கருவி வைத்து அளந்து பார்த்தால், நேரான கை என்று பேர் வாங்கியவர்களின் முழங்கையும் பந்து வீசும்போது மடங்கி நிமிரத்தான் செய்தது. 2005 இல் முழங்கையை 15 பாகை வரை நிமிர்த்த எல்லோருக்கும் அனுமதி வந்தது. கிரிக்கெட் செத்தா போனது? 800 டெஸ்ட் விக்கெட் அல்லவா கிடைத்தது!

கரப்பந்து நம் தேசிய விளையாட்டு. அதை உட்கார்ந்தபடியும் ஆடலாம். 1956 இல் ஒல்லாந்தில் தொடங்கியது. ஆண்களுக்கு வலை உயரம் 1.15 மீற்றர். புது வலை வேண்டாம், இருப்பதை இறக்கிக் கட்டினால் போதும். கால் உள்ளவர்களும் எங்களோடு சேர்ந்து ஆடலாம். முக்கியமான விதி, பந்தை அடிக்கும்போது ஆசனம் தரையை விட்டு எழும்பக் கூடாது. இருந்த இடத்தை விட்டு எழும்பாத கலையில் தேர்ந்தவர்கள் குழுவிலேயே பலர் இருப்பதால் அணிக்கு ஆள் பஞ்சம் வராது.

டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். 2024 இல் பாரிஸில் சமித்த துலான் வெள்ளி வென்றார். அப்போது நாட்டோடு சேர்ந்து நீங்களும் பட்டாசு கொளுத்தினீர்கள். இருவரும் இராணுவத்துக்காரர்கள், அங்கே பயிற்சிக்கு மைதானம் உண்டு. நம்மூர்ப் பிள்ளைக்கு உங்கள் மைதானத்தை விட்டால் வேறு இடமில்லை.

எனவே முட்டி உடைத்தல், சங்கீதக் கதிரை, கரப்பந்து மூன்றிலும் எங்கள் பெயரைச் சேர்க்கவும். பொதியை வென்றவருக்கே கொடுங்கள். விண்ணப்பப் படிவம் உங்கள் காரியாலயத்தில் கிடைக்கும் என்று நோட்டீஸ் சொல்கிறது. காரியாலயம் மேல்மாடியில் இருப்பதால், யாராவது ஒருவர் படிவத்தைக் கீழே கொண்டுவந்து தரவும்.