விண்நடைப் பழுதுபார்ப்பில் கைநழுவல்: சூளகிரி நெடுஞ்சாலைச் சான்றுகளை முன்வைத்து

விண்வெளி நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி கத்தியும் கொறடும் ஸ்பேனருமாகப் பழுதுபார்த்தவர்களைப் பற்றி எழுதியோர் பலர். ஒருவர்கூடச் சூளகிரியைக் குறிப்பிடவில்லை. ஆய்வுலகில் இது பெரும் இடைவெளி. இடைவெளி இல்லாத இடத்திலும் ஒன்றைத் தோண்டி, பிறகு அதை நிரப்பிப் பட்டம் பெறுவது நம் மரபு என்பதால், இக்கட்டுரைக்குத் தனி நியாயம் கூற வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, 44ஆம் எண் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பே ஆய்வுக்களம். அங்குள்ள பெஞ்ச் முதன்மைத் தரவு.

சங்க இலக்கியத்தில் விண்நடை என்னும் இயலை விட்டுவிட்டேன். அதில் விண்நடை இல்லை. இல்லாததை எண்பது பக்கம் எழுத வல்லோர் வேறு உளர்.

சுத்தியல்: 1973 ஜூன் 19 அன்று ஸ்கைலாப் நிலையத்துக்கு வெளியே பீட் கான்ராட், மக்கர் செய்த மின்கலப் பகுதியைச் சுத்தியலால் தட்டினார், சரியாகிவிட்டது. மேலாய்வு தேவையில்லை.

பல் துலக்கும் பிரஷ்: 2012 செப்டம்பர் 5 அன்று சுனிதா வில்லியம்ஸும் அகிஹிகோ ஹோஷிடேயும், போல்ட் இறங்காமல் அடம்பிடித்த துளையின் மரையைப் பல் பிரஷ் கட்டிய கருவியால் சுத்தம் செய்தனர். நம் ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டருக்கும் செயினுக்கும் இதுவே கருவி (பெஞ்ச், வாய்மொழி). பிரஷ் முதலில் யாருடையது என்பதில் மட்டும் இரு களங்களும் மௌனம் காக்கின்றன.

கத்தி சற்று விரிவாக நோக்கத்தக்கது. 2018 ஆகஸ்ட் இறுதியில் சோயுஸ் எம்எஸ்-09 கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் ஓட்டை தென்பட்டது, காற்று கசிந்தது. எளிய தமிழில் பஞ்சர். உள்ளே டேப்பும் பசையும் போட்டு அடைத்தார்கள். பிறகு டிசம்பர் 11 அன்று ஒலெக் கொனொனென்கோவும் செர்கேய் புரோகோப்யேவும் வெளியே போய், கத்தியாலும் கத்தரியாலும் வெப்பக் காப்புப் போர்வையைக் கிழித்து அதே ஓட்டையை வெளிப்பக்கம் இருந்து பார்த்தார்கள். 7 மணி 45 நிமிடம். ஓட்டை இருந்த பகுதி பூமிக்குத் திரும்பாது. ஒன்பது நாள் கழித்து, கலம் இறங்கும் வழியில் அது கழன்று எரிந்துபோனது. அதனால்தான் எரியும் முன் பார்த்தாக வேண்டியிருந்தது. நம் ஆய்வேடுகளுக்கு இந்த அவசரம்கூட இல்லை. அவற்றைக் கரையான் நிதானமாகவே வாசிக்கிறது.

முறுக்குவிசை பற்றி ஒரு சொல். இறுகிய நட்டைத் திருக, ஸ்பேனரின் வாலில் இரும்பு பைப்பைச் செருகி, இடது காலை வீல் மீது ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரு இழு. விண்ணில் ஊன்றத் தரை இல்லை. நட்டு நிற்கும், ஆள் சுற்றுவார். ஆகவே அங்கு முதலில் பாதத்தைப் பூட்டிக்கொள்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியை அந்த ஒர்க்‌ஷாப் பையன் ஒரே கெட்ட வார்த்தையில் சொல்லிவிட்டான் (மேலது, அதாவது பெஞ்சுக்கு மேல், டீக்குப் பின்).

இனி என் சொந்தத் துறையான கைநழுவியல்.

2007 நவம்பர் 3 அன்று கிழிந்த சூரியத் தகட்டை ஸ்காட் பாரஸின்ஸ்கி கம்பி கொண்டு தைத்தார். தகட்டில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததால், கருவிகளுக்கு நம் எலக்ட்ரீஷியன்கள் போலவே டேப் சுற்றியிருந்தார்கள். தையல் நின்றது, நோஸ் பிளேயர் போயே போய்விட்டது. 2008 நவம்பர் 18 அன்று ஹைட்மேரி பைப்பரின் பைக்குள் கிரீஸ் கன் கக்கியது. அவர் துடைத்துக்கொண்டிருக்க, கட்டாமல் விட்ட பை மெல்ல நகர்ந்து போனது. மதிப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். பூமியிலிருந்து ஆர்வலர்கள் அதைப் பார்த்தார்கள். 2009 ஆகஸ்டில் எரிந்தது.

சூளகிரியில் நழுவும் கருவிக்கு இரு கதிகள். ஒன்று, கீழே விழும், ஆனால் தரைக்கு வராது. சேஸிஸுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே தங்கும். பையன் சாக்கை விரித்து மல்லாந்து, வாயில் டார்ச்சைக் கவ்வி, காந்தம் கட்டிய கம்பியால் துழாவுவான். போன வருடம் தொலைந்த வேறொன்று கிடைக்கும். மற்றது, இரவல். டயர் கடை, வெல்டிங் கடை, கொத்தமல்லி ஏற்றிய வண்டி, அத்திப்பள்ளி வழியே கர்நாடகம் என்று ஸ்பேனர் சுற்றுப்பாதையில் சேரும். நாசாவின் பை சுமார் தொண்ணூறு நிமிடத்தில் ஒரு சுற்று வந்தது. இதன் சுற்றுக்காலத்தை எந்த பைனாகுலரும் கணித்ததில்லை (ஒர்க்‌ஷாப் காலண்டரின் பின்பக்கம், கிரீஸால் திருத்திய பதிப்பு).

ஒரு கல்வெட்டுச் சான்றும் உண்டு. நடுகல் மலிந்த மாவட்டம் என்பதால் தேடினேன். ஒரு லாரி டயரின் பக்கச் சுவரில் சாக்பீஸால், "...10-12... பாக்கி" என்றுள்ளது, முன்பகுதி சிதைவு (டயர்ச் சாசனம், பின் இடது, உள்பக்கச் சக்கரம், ரீட்ரெடிங்குக்கு முந்தைய காலம்). இது இரவல் போன ஸ்பேனரைக் குறிக்கும் என்பது என் துணிபு. பத்துப் பன்னிரண்டு டீக்கான கடன் என்பது மாற்றுத் தரப்பு. அத்தரப்பினர் டீக்கடைக்காரர், நடுநிலையற்றவர்.

நாசா ஒவ்வொரு கருவியையும் கயிற்றில் கட்டுகிறது. தண்ணீர்ப் பந்தல் தம்ளருக்கு எப்போதோ சங்கிலி போட்ட இனம் நாம். ஆதலால் இதுவும் நம்மிடமிருந்தே போயிருக்க வேண்டும் என்று ஒரு மாநாட்டு மலரில் எழுதி அனுப்பினால், கேள்வி கேட்காமல் அச்சேறும்.

பரிந்துரை ஒன்றே. மாங்காய் லோடுடன் பெங்களூரு போன டிரைவர் அண்ணன் இதைப் படிக்க நேர்ந்தால், வாங்கிப்போன 10-12 ஸ்பேனரைத் திரும்பும் வழியில் கொடுத்துவிட்டுப் போகவும். பையன் கட்டிவைக்கக் கயிறு வாங்கிவிட்டான்.